அண்ணனும் தங்கையும் ஜோடியாகவே ஆடட்டுமா, பிரிக்கலாமா?

அக்கா வீட்டில் இப்போது ஒரே பேச்சு இதுதான். பெரியவனுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. சின்னவள் பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. இருவரும் ரோலர் ஸ்கேட்டிங்கில் ஜோடியாக நடனம் ஆடுகிறார்கள். வீடு கிருஷ்ணகிரியில். சனி, ஞாயிறு விடியும் முன்பே கிளம்பி, சூளகிரி வழியாக ஓசூர் போய்ப் பயிற்சி. மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியின் கூடைப்பந்து மைதானம். இந்த வருஷம் கோச், "எதில் இறக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மாமா. பெரியவன் ஐஸ் டான்ஸ் (பனியில் ஆடும் ஜோடி நடனம்) வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பனித்தளத்துக்குப் போக வேண்டும் என்கிறான். இருவரையும் பிரித்துத் தனித்தனியாக ஆட விடுங்கள், அண்ணன் தங்கை ஜோடி மேலே போகவே போகாது என்று தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனது அக்கா மனதில் தங்கிவிட்டது. சின்னவளுக்கு அண்ணன் கூட ஆடினால்தான் பயமில்லாமல் இருக்கிறதாம்.

நான் ஐஸ் டான்ஸ் போட்டிகளை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறவன். "மேலே போகாது" என்ற அந்தப் பேச்சு உண்மையா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. உடன்பிறந்தவர்கள் ஜோடியாகப் போட்டியிட்ட வரலாறு அங்கே அறுபது வருஷத்துக்கும் மேல் இருக்கிறது.

1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவர்கள் செக்கோஸ்லோவாகியாவின் ஏவா ரொமனோவாவும் பாவெல் ரோமனும். அக்கா தம்பியோ, அண்ணன் தங்கையோ, ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதன்பின் 1991இல் பிரான்ஸுக்காக ஆடிய இசபெல், பால் டுஷனே. அடுத்த வருஷம் ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வெள்ளி. அதற்குப் பிறகு சீனியர் உலகப் பட்டம் எந்த உடன்பிறப்பு ஜோடிக்கும் கிடைக்கவில்லை. ஐஸ் டான்ஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1976இல். அன்றிலிருந்து ஒரு தங்கம்கூட உடன்பிறந்த ஜோடிகளுக்கு வரவில்லை. இதை மட்டும் பார்த்தால் அந்த மனிதர் சொன்னது சரி என்றே தோன்றும்.

ஆனால் ஜூனியர் பட்டியலைப் பாருங்கள். 2017இல் ஜூனியர் உலக சாம்பியன் அமெரிக்காவின் ரேச்சல், மைக்கேல் பார்சன்ஸ். 2022இல் அதே நாட்டின் ஊனா, கேஜ் பிரவுன். 2023இல் செக் நாட்டின் கதெரினா மிராஸ்கோவா, டேனியல் மிராஸெக். ஏழு வருஷத்துக்குள் மூன்று பட்டம், மூன்றும் உடன்பிறந்தவர்களுக்கு. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பதின்வயதில் மற்ற ஜோடிகள் உடைந்து உடைந்து மாறுகின்றன. பெண் வளர்ந்துவிடுவாள், பையன் வேறு ஊருக்குப் போய்விடுவான், இரண்டு வீட்டாருக்கும் செலவில் மனஸ்தாபம் வரும். புது ஜோடி சேர்ந்தால் அடியெடுத்து வைக்கும் நீளம், முழங்கால் மடிக்கும் ஆழம், மூச்சு விடும் நேரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பொருத்த வேண்டும். உடன்பிறந்தவர்கள் அந்த வேலையை எட்டு ஒன்பது வயதிலேயே முடித்துவிடுகிறார்கள். பெரியவனும் சின்னவளும் சேர்ந்து ஆடும்போது கண்ணை மூடிக் கேட்டாலே தெரியும்: பதினாறு சக்கரத்துக்கும் ஒரே சத்தம். அதே கோச்சிடம் ஆடும் மற்ற ஜோடிகளில் இரண்டாவது சத்தம் அரை நொடி பின்னால் வரும். இருபது வயதாகும்போது இந்த லாபம் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் அதற்குள் மற்றவர்களும் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிடும். கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூவும் ஸ்காட் மொயரும் உடன்பிறந்தவர்கள் இல்லை, ஆனால் 1997 முதல் சேர்ந்து ஆடியவர்கள். அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் அப்படித்தான், அதே 1997. இந்த இரண்டு ஜோடிகள்தான் 2010, 2014, 2018 மூன்று ஒலிம்பிக் தங்கத்தையும் பகிர்ந்துகொண்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை மாயா, அலெக்ஸ் ஷிபுதானியுடையது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள், அண்ணன் தங்கை, மூன்று வயது வித்தியாசம். 2011இல் சீனியராக நுழைந்த முதல் வருஷமே உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். எல்லோரும் அடுத்த வருஷம் வெள்ளி, அப்புறம் தங்கம் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. 2012இல் எட்டாவது இடம், 2013இல் மீண்டும் எட்டாவது, 2014இல் ஆறாவது, 2015இல் ஐந்தாவது. அந்த நான்கு வருஷத்தில், உடன்பிறந்தவர்களால் இதற்கு மேல் முடியாது என்று சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் பிரியவில்லை. 2016இல் உலக வெள்ளி, 2017இல் வெண்கலம், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம்.

இதில் அவர்கள் உழைப்பு எவ்வளவோ, எதிராளிகளின் நிலைமையும் அவ்வளவு. 2014க்குப் பிறகு டேவிஸ், வைட் ஜோடி போட்டிக்கு வரவில்லை. வர்ச்சூ, மொயர் ஜோடி இரண்டு பருவம் ஒதுங்கியிருந்தது. 2016இன் வெள்ளி அந்த இடைவெளியில் வந்தது. 2017இல் வர்ச்சூவும் மொயரும் திரும்பி வந்து உலகப் பட்டம் வென்றபோது ஷிபுதானிகள் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள். அப்படியென்றால் ஒரு ஜோடி மேலே போகுமா என்ற கேள்விக்கு, அதே காலத்தில் யார் எதிரில் நிற்கிறார்கள், யார் விலகுகிறார்கள் என்பது பாதிப் பதில். கதவு திறக்கும்போது வாசலில் இருக்க வேண்டும். உடன்பிறந்த ஜோடிக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்: அவர்களால் காத்திருக்க முடிகிறது.

பிரித்துப் பார்ப்பதற்கும் உதாரணம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன பார்சன்ஸ் ஜோடி ஜூனியர் பட்டம் வென்று, சீனியரில் அதே உயரத்தை எட்டாமல், 2019இல் நிறுத்திக்கொண்டது. அதே காலத்தில் கரோலின் கிரீன் என்ற பெண் தன் அண்ணன் கோர்டனோடு ஆடிக்கொண்டிருந்தாள். அந்த ஜோடியும் முடிந்தது. மைக்கேலும் கரோலினும் சேர்ந்து புது ஜோடி ஆனார்கள். 2022இல் நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பில் (ஐரோப்பா தவிர்த்த நாடுகளுக்கான போட்டி) தங்கம் வென்றார்கள். அதாவது, இரண்டு வீட்டு ஜோடிகள் கலைந்து, ஒரு தங்கம். பிரித்தால் கெட்டுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மைக்கேல் அந்த முடிவுக்கு வரும்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது, ஜூனியர் உலகப் பட்டம் கையில் இருந்தது. பதினான்கு வயதில் யாரும் அவரைத் தங்கையிடமிருந்து பிரிக்கவில்லை.

காதல் பாட்டுக்கு அண்ணன் தங்கை எப்படி ஆடுவது என்ற சங்கடத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மதிப்பெண் விதியில் காதல் என்று எங்கும் இல்லை. நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று தலைப்பில் நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். சங்கடம் வருவது போட்டியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவதான ரிதம் டான்ஸில்தான், அதற்கான தாளத்தை ஒவ்வொரு வருஷமும் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனமே தீர்மானிக்கும். டாங்கோ வந்த 2018–19, லத்தீன் தாளம் வந்த 2022–23 போன்ற வருஷங்கள் உடன்பிறந்தவர்களுக்குக் கஷ்டம். அதன்பின் 2023–24இல் எண்பதுகளின் இசை, அடுத்து 50, 60, 70களின் ஆட்டங்கள், 2025–26இல் தொண்ணூறுகளின் இசை. இவற்றுக்கு அண்ணனும் தங்கையும் துள்ளி ஆடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டாவது ஆட்டமான ஃப்ரீ டான்ஸில் பாட்டு நம் விருப்பம். பிரிட்டனின் சினீட், ஜான் கெர் ஜோடியில் அக்கா தம்பியைத் தூக்கும் லிஃப்ட் ரொம்பப் பிரபலம். 2009, 2011 ஐரோப்பியப் போட்டிகளில் அவர்களுக்கு வெண்கலம். காதலர் வேஷம் போட்ட ஜோடிகளிடம் அந்த லிஃப்டை யார் எதிர்பார்ப்பார்கள்?

நம் பக்கத்துக்கு இதில் ஒரு வளம் இருக்கிறது. 2009–10 பருவத்தில் நாட்டுப்புற நடனம் என்ற தலைப்பு வந்தபோது டேவிஸும் வைட்டும் இந்தி சினிமா இசைக்கு ஆடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து பக்கத்திலேயே இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் நுழையும் அந்த வேகம், கால் சுழற்றும் கிறுகிறுப்பு, மத்தளத்தின் அடி இதெல்லாம் சக்கரத்தில் அப்படியே வரும். காதல் தேவையே இல்லை. பெரியவனிடம் இதைச் சொன்னேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மொட்டை மாடியில் போய்ச் சுற்றிப் பார்த்தான்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

ஐஸ் வழியை முதலில் முடித்துவிடலாம். பனியில் ஆட ஆசைப்படுவது தப்பில்லை. 1998 நாகானோவில் தங்கம் வென்ற டாரா லிபின்ஸ்கி சின்ன வயதில் ரோலரில் தொடங்கியவர்தான். ஆனால் நமக்கு முழு அளவு பனித்தளம் டேராடூனில் இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டி, வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து, 2025இல் மீண்டும் திறந்த தளம். கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வாரத்தில் ஐந்தாறு நாள் பனியில் நிற்காமல் ஐஸ் டான்ஸ் வராது. இந்தியாவில் எதிராளி இல்லை, சுலபமாக நாட்டுக்காகப் போய்விடலாம் என்று பெரியவன் கணக்குப் போடுகிறான். ஐஸ் டான்ஸில் கூட்டம் குறைவான நாடுகளுக்கு ஆடியவர்கள் அப்படிப் போனதும் உண்மை. அமெரிக்காவில் பிறந்த கேத்தி, கிறிஸ் ரீட் ஜப்பானுக்காக ஆடினார்கள். இஸ்ரேலின் ஜரெட்ஸ்கி உடன்பிறப்புகள் 2010 வான்கூவரில் பத்தாவது இடம். ஒரு நாட்டுக்கு மூன்று ஜோடிக்கு மேல் உலகப் போட்டியில் இடம் கிடையாது என்பதால், அமெரிக்காவில் நான்காவதாக நிற்பதைவிட அது நல்ல வழி. ஆனால் அவர்கள் எல்லோரும் பனித்தளத்திலேயே வளர்ந்தவர்கள். தவிர, உலகப் போட்டிக்குள் நுழையவே குறைந்தபட்ச தொழில்நுட்பப் புள்ளி வாங்கியாக வேண்டும். எதிராளி இல்லாத நாட்டிலும் அந்த எண் எதிரில் நிற்கும். ஜூனியர் சர்வதேசப் போட்டிக்கு இருவருக்கும் பதிமூன்று நிறைந்திருக்க வேண்டும், சீனியருக்கு இப்போது பதினேழு. அவசரப்பட ஒன்றுமே இல்லை. கோடை விடுமுறையில் ஒரு மாதம் டேராடூன் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஸ்பீட் ஸ்கேட்டிங். மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாடு அதில் உண்மையிலேயே பலம். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிக்கும் வெண்கலம், இரண்டிலும் நம் பிள்ளைகள். கடிகாரம் யாருக்கும் சாதகம் பண்ணாது, நடுவர் பிரச்சினை இல்லை. ஆனால் இதே பலம்தான் நமக்கு இடைஞ்சல். மாநில அளவிலேயே வரிசை நீளம். வளைவில் சாய்ந்து உந்தும் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே ஊறப்போட்ட பிள்ளைகளோடு இவர்கள் இப்போது தொடங்கிப் போட்டியிட வேண்டும். ஷூவே வேறு. நடனத்தில் சேர்த்த வருஷங்கள் அங்கே செல்லாது. இருவருக்கும் பந்தயத்தில் ஆசையும் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லிவிட்டேன், அவரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

உண்மையான போட்டி ஜோடி நடனத்துக்கும் தனி நடனத்துக்கும்தான். ரோலரில் சோலோ டான்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது, ஐஸில் ஒலிம்பிக் அளவில் அது இல்லை. ஜோடி கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். அதனாலேயே அங்கே கூட்டம் அதிகம், அதுவும் பெண்கள் பிரிவில். சின்னவளைப் போல நல்ல காலடியும் நேரான முதுகும் உள்ள பிள்ளைகள் ஓசூர், பெங்களூருவிலேயே நிறைய. கப்பிள் டான்ஸில் நிலைமை தலைகீழ். பையன்கள் நடனத்துக்கு வருவதே குறைவு. வந்தவனும் ஜோடிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டு வீடும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வயசுப் பெண்ணை வேறு வீட்டுப் பையனோடு கைகோத்து, இடுப்பில் கைவைத்து ஆட விடச் சம்மதிக்கும் அம்மா அப்பா எத்தனை பேர்? இந்த ஒரு காரணத்துக்காகவே கலைந்த நல்ல ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு மாற வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மாறும்வரை இந்த இருவருக்கும் அந்தத் தடை இல்லை. ஒரே வண்டி, ஒரே நேரம், ஒரே கோச் சம்பளம்.

சின்னவளுக்கு வேறு துணை தேடலாம் என்ற யோசனையை நான் இதனாலேயே இப்போது எடுக்கவில்லை. தேடினாலும் பெங்களூருவில்தான் தேட வேண்டும். அத்திப்பள்ளி நெரிசலில் வாரத்தில் நான்கு நாள் பள்ளி விட்டுப் போய் வருவது நடக்கிற காரியமா?

தேர்வுக் கணக்கும் ஜோடிக்கே சாதகம். பெரியவன் பிளஸ் டூ எழுதும் அதே மார்ச்சில் சின்னவள் பத்தாம் வகுப்பு எழுதுவாள். இருவரும் ஒரே வருஷம் பயிற்சியைக் குறைத்து, ஒரே வருஷம் திரும்பலாம். வேறு வீட்டுத் துணை என்றால் இவளுக்குத் தேர்வு முடியும்போது அவனுக்குத் தேர்வு வரும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் குறை உயரம். இப்போது இருவரும் தோளுக்குத் தோள் நிற்கிறார்கள். தங்கையைத் தூக்கினால் பெரியவன் முதுகு வளைகிறது, அவள் கால் தரையை உரசுகிறது. நடன ஜோடியின் லிஃப்டில் கையைத் தலைக்கு மேல் நீட்டித் தூக்க வேண்டியதில்லை என்றாலும், தூக்குகிறவனுக்குக் கொஞ்சமாவது உயரம் வேண்டும். பையன்களுக்குப் பதினான்கிலிருந்து பதினாறுக்குள் தான் அந்த வளர்ச்சி வரும். வராமலும் போகலாம், அக்கா வீட்டில் யாரும் நெட்டை இல்லை.

அடுத்த குறை இடம். சர்வதேச ரோலர் நடனத் தளம் 50 மீட்டருக்கு 25. கூடைப்பந்து மைதானம் 28க்கு 15. ஓடிக்கொண்டே ஒற்றைக் காலில் சுழலும் டிராவலிங்கில் இருவரும் அழகாகத் தொடங்குகிறார்கள், மூன்றாவது சுழற்சியில் வளையக் கம்பம் வந்துவிடுகிறது. உடனே பெரியவன் வலப்பக்கம் ஒதுங்குவான், அவளும் கூடவே ஒதுங்குவாள். அந்த ஒதுங்கல் பழக்கமாகி, பெரிய தளத்திலும் நடுவிலேயே சுருங்கி ஆடுகிறார்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஜோடிகள் தளத்தின் மூலை வரை இழுத்து ஆடுவதைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இத்தனைக்கும் இது திறமைக் குறைவில்லை, பரப்பளவுக் குறைவு. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பெங்களூருவின் பெரிய தளம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். சோலோவுக்குப் போனாலும் இதே செலவு உண்டு.

மூன்றாவது, இரண்டு பேருமே ஒருவரை நம்பி ஒருவர் நிற்பது. ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கினால் இன்னொருத்திக்கும் அந்தப் பருவம் போய்விடும். இதற்காகத்தான் என் முடிவில் ஒரு சின்னச் சேர்க்கை. முதன்மையாகக் கப்பிள் டான்ஸ், அதோடு இருவரும் சோலோவிலும் பெயர் கொடுக்கட்டும். சோலோவில் பதக்கம் வேண்டாம், இடம்கூட வேண்டாம். துணை இல்லாமல் நிற்கும்போது யாருடைய காலடி தளர்கிறது என்று கோச்சுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சின்னவளின் பயத்துக்கும் அது மருந்து. அண்ணன் இல்லாமல் ஒரு முறை தளத்தின் நடுவில் நின்று ஆடி முடித்துவிட்டால், ஜோடியிலும் அவள் அவனைப் பார்த்துக்கொண்டே ஆட மாட்டாள். இப்போது அவள் கண் முழுக்க அவன் தோளிலேயே இருக்கிறது. நடுவர்கள் அதைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

இந்தியாவுக்கு ரோலர் கலைப்பிரிவில் பதக்கம் வந்ததே இல்லை என்று யாராவது சொன்னால், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டை நினைவுபடுத்துங்கள். அனூப் குமார் யாமா தனிப்பிரிவில் வெண்கலம் வாங்கி, அவனி பஞ்சாலோடு ஜோடிப் பிரிவிலும் வெண்கலம் வாங்கினார். தனியும் ஜோடியும் சேர்ந்தே செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி.

ஆக, அக்காவுக்கு என் பதில்: பெரியவன் பிளஸ் டூ முடிக்கும்வரை ஜோடியைப் பிரிக்காதே. மாநிலப் போட்டியில் சோலோ இரண்டாவது பெயராக இருக்கட்டும். கோச்சிடம் லிஃப்டை இந்த வருஷம் தள்ளிப்போடச் சொல், அதற்குப் பதில் டிராவலிங்கும் காலடி வரிசையும் போதும். பிளஸ் டூ முடியும்போது பெரியவன் தங்கையைவிட ஒரு சாண் உயரமாவது கூடியிருந்தால் சீனியர் ஜோடிக்குத் தயாராகலாம். கூடவில்லை என்றால் அப்போது சோலோவுக்குப் போகலாம், அல்லது சின்னவளுக்கு வேறு துணை பார்க்கலாம். அன்றைக்கு அவளுக்கும் பதினைந்து வயது இருக்கும், முதலில் அவளைக் கேட்டுவிட்டு முடிவு செய்.